டி.என்.ஏ. ஒரு பக்கம், சுவாசம் ஒரு பக்கம்: திருப்புதலில் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

தேன்மலர்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியை விட்டுப் பதினாறு வருடம் கழித்து, செவிலியர் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனித செல் பகுதியைத் திருப்பிப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பாடம் பாடமாகப் படித்தால் எல்லாம் புரிகிறது. நேற்று இரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் ஒரு செல்லை வரைந்து, உட்கருவில் ஆரம்பித்து நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தேன். படியெடுத்தல் (டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுப்பது), அதைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம், புரதம் வரைக்கும் கை தடையில்லாமல் ஓடியது. அப்புறம் தாளின் மறுமூலையில், சுவாசம் நடக்கும் மைட்டோகாண்டிரியாவை வரைந்து பக்கத்தில் குளுக்கோஸ் என்று எழுதினேன். இரண்டு மூலைக்கும் நடுவே ஒரு கோடு போடத் தெரியவில்லை. ஒரே செல்லுக்குள் நடக்கிறவை என்று தெரிந்தும், எனக்கு அவை இரண்டு வேறு புத்தகங்களாகவே இருக்கின்றன.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏ.டி.பி. (செல் ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறு) என்கிறது பழைய புத்தகம், 30 அல்லது 32 என்கிறது புதியது. எதை எழுதுவது? செல் பகுப்பில் குரோமோசோம் எண்ணிக்கை கேட்டால் ஒவ்வொரு முறையும் தப்பாகிறது. 46 எங்கே, 92 எங்கே, 23 எங்கே என்று குழம்பிவிடுகிறேன்.

வெண்கட்டி:

நான் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தாளில் விடுபட்ட கோட்டின் பெயர் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். குளுக்கோஸ் சைட்டோபிளாசத்துக்குள் நுழைந்ததும் அதன்மேல் முதலில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவது ஹெக்சோகைனேஸ். அது ஒரு புரதம். அதற்கான ஜீன் உட்கருவில் இருக்கிறது. அந்த ஜீன் படியெடுக்கப்பட்டு, ரைபோசோமில் அமினோ அமிலங்களாகக் கோக்கப்பட்டு வந்தால்தான் குளுக்கோஸுக்கு அடுத்த படி உண்டு. குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் கிளைக்காலிஸிஸின் பத்துப் படிகளுக்கும் இதே கதைதான். ஆக, உட்கருவிலிருந்து சுவாசத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு போகிறது.

மைட்டோகாண்டிரியாவில் இது இன்னும் நெருக்கமாகிறது. அதற்குச் சொந்தமாகவே ஒரு சின்ன வட்ட டி.என்.ஏ. உண்டு. மனிதரில் 16,569 கார இணைகள் (டி.என்.ஏ. எழுத்துகளின் ஜோடிகள்), 37 ஜீன்கள். 1981-லேயே முழு வரிசையும் வெளியாகிவிட்டது. அந்த 37-ல் 13 மட்டும் புரதத்துக்கானவை, அந்தப் பதின்மூன்றும் எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றி ஆக்சிஜன்வரை கொண்டுபோகும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலிக்கும், ஏ.டி.பி.யைச் செய்யும் நொதியான ஏ.டி.பி. சிந்தேஸுக்கும் போகின்றன. மீதி 24-ம் அந்தப் புரதங்களைச் செய்யத் தேவையான ஆர்.என்.ஏ.க்களுக்கு. சங்கிலியின் மற்ற பாகங்களெல்லாம் உட்கரு ஜீன்களிலிருந்து வெளியே செய்யப்பட்டு உள்ளே அனுப்பப்படுகின்றன. அதாவது, நீங்கள் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் சங்கிலியின் நான்காவது புரதக் கூட்டமைப்பு, அம்மாவிடமிருந்து மட்டும் வந்த மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வும் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்த உட்கரு டி.என்.ஏ.வும் சேர்ந்து கட்டியது. இத்தனை வருடம் கற்பித்த பிறகும் இந்த இடம் வந்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆக்சிஜனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வகுப்பில் பாதிப் பேர் இங்கேதான் மதிப்பெண் இழப்பார்கள். நாம் இழுக்கும் ஆக்சிஜன் குளுக்கோஸின் கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது என்று எழுதிவிடுவார்கள். அப்படி நடப்பதில்லை. ஆறு கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆகும்போதும், நான்கு அதற்கடுத்து வரும் கிரப்ஸ் சுழற்சியிலும் வெளியேறிவிடுகின்றன. ஆக்சிஜன் சங்கிலியின் முனையில் நின்று எலக்ட்ரான்களை வாங்கித் தண்ணீராகிறது. அது அங்கே இல்லையென்றால் எலக்ட்ரான்கள் தேங்கி, பின்னால் வரும் அத்தனையும் நின்றுபோகும்.

ஏ.டி.பி. கணக்கு: இரண்டு எண்ணுமே ஒரே அடிப்படையில் வருபவைதான். ஒரு குளுக்கோஸில், எலக்ட்ரான்களைச் சங்கிலிக்குச் சுமந்துவரும் 10 என்.ஏ.டி.எச்., 2 எப்.ஏ.டி.எச்.2, நேரடியாக 4 ஏ.டி.பி. கிடைக்கிறது. பழைய கணக்கில் ஒரு என்.ஏ.டி.எச்.சுக்கு 3 ஏ.டி.பி., ஒரு எப்.ஏ.டி.எச்.2-வுக்கு 2. கூட்டினால் 30 + 4 + 4 = 38. பிறகு புரோட்டான்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு என்.ஏ.டி.எச்.சால் 10 புரோட்டான் வெளியே தள்ளப்படுகிறது, ஒரு ஏ.டி.பி. செய்து வெளியே அனுப்ப ஏறத்தாழ 4 தேவை. ஆக 2.5 தான். எப்.ஏ.டி.எச்.2-வுக்கு 6 புரோட்டான், அதனால் 1.5. இப்போது 25 + 3 + 4 = 32. சைட்டோபிளாசத்தில் உண்டான 2 என்.ஏ.டி.எச். உள்ளே நுழைய முடியாமல் எலக்ட்ரானை மட்டும் கைமாற்றிவிடுகிறது. அது போகும் வழியைப் பொறுத்து 2 குறைந்து 30 ஆகலாம். தேர்வில் உங்கள் பாடநூல் சொல்லும் எண்ணை எழுதுங்கள். 10, 2, 4 மட்டும் மனதில் இருந்தால் போதும், எந்தப் புத்தகத்தின் எண்ணையும் நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

நூல்கண்டு:

குரோமோசோம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கும் இதே இடம்தான் சிக்கியது. சென்ட்ரோமியரை (குரோமோசோமின் கட்டுப்போன்ற இடம்) எண்ணுங்கள், வேறு எதையும் எண்ணாதீர்கள். டி.என்.ஏ. இரட்டித்த பிறகு ஒவ்வொரு குரோமோசோமும் ஒரே மாதிரியான இரண்டு இழைகளாக, அதாவது இரண்டு குரோமாட்டிடாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே சென்ட்ரோமியரில் கட்டுண்டிருக்கும். அதனால் 92 குரோமாட்டிட், 46 குரோமோசோம்தான். சாதாரண செல் பகுப்பான மைட்டாசிஸில், இழைகள் விலகும் கட்டமான அனாபேஸில் அந்தக் கட்டு பிரிந்ததும் கொஞ்ச நேரத்துக்கு ஒரே செல்லில் 92 குரோமோசோம். விந்தும் முட்டையும் உண்டாகும் மியாசிஸின் முதல் பகுப்பில் சென்ட்ரோமியர் பிரிவதில்லை, ஜோடிதான் பிரிகிறது; அதனால் ஆளுக்கு 23, ஆனால் ஒவ்வொன்றும் இன்னும் இரட்டையாக.

நான் சிவப்பு, நீல நூல்களை இவ்விரண்டாகச் சேர்த்து நடுவில் முடிச்சுப் போட்டு மேசையில் நகர்த்திப் பார்த்தேன். சிவப்பு அம்மாவுடையது, நீலம் அப்பாவுடையது. மூன்று ஜோடி போதும். முடிச்சை அவிழ்ப்பது எப்போது, அவிழ்க்காமல் நகர்த்துவது எப்போது என்று கைக்குத் தெரிந்த பிறகு எனக்கு ஒருமுறைகூட எண்ணிக்கை தப்பவில்லை.

தேன்மலர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நூல் வைத்துச் செய்து பார்த்தேன், முதல் பகுப்பில் நான் ஒவ்வொரு முறையும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது!

வெண்கட்டி ஐயா, தாளை மறுபடி வரைந்தேன். இந்த முறை சிவப்பணுவை எடுத்துக்கொண்டேன். 11-ஆவது குரோமோசோமில், ஹீமோகுளோபினின் ஒரு பாகமான பீட்டா குளோபினுக்கான ஜீன். அதில் ஆறாவது அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்து ஜி.ஏ.ஜி., ஜி.டி.ஜி. என்று மாறிவிட்டால் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். ஆக்சிஜன் குறையும்போது அந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகி, அணு அரிவாள் போல வளைகிறது. ஒற்றை எழுத்திலிருந்து நோய் வரைக்கும் கோடு வந்துவிட்டது. ஆனால் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்டிரியாவும் இல்லையே. பிறகு அதற்கு ஏ.டி.பி. எப்படி?

வெண்கட்டி:

நல்ல செல்லைப் பிடித்திருக்கிறீர்கள் அம்மா. உட்கரு வெளியே தள்ளப்படுவதற்கு முன்பே எலும்பு மஜ்ஜையில் தேவையான நொதிகளையும் பெரும்பாலான ஹீமோகுளோபினையும் அது செய்துகொள்கிறது. அந்தக் கையிருப்போடு ஏறத்தாழ 120 நாள் ஓடுகிறது. நொதி பழுதானால் புதிதாகச் செய்ய வழி கிடையாது.

ஏ.டி.பி. கிளைக்காலிஸிஸிலிருந்து மட்டும்தான், ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக 2. உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமந்துபோகும் அணு, அதில் துளியைக்கூடத் தன் ஏ.டி.பி.க்காக எடுத்துக்கொள்வதில்லை. கிளைக்காலிஸிஸ் நிற்காமல் ஓட, என்.ஏ.டி.எச். தன் எலக்ட்ரான்களை இறக்கிவைத்து என்.ஏ.டி.+ ஆகத் திரும்பக் கிடைக்க வேண்டும் அல்லவா? அதற்காகப் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றி இரத்தத்தில் விட்டுவிடுகிறது; கல்லீரல் அதை எடுத்து மறுபடி குளுக்கோஸாக்குகிறது. உங்கள் தாளில் சிவப்பணுவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லீரல் செல்லையும் வரைந்து, இரண்டுக்கும் நடுவே போக ஒரு அம்பு, வர ஒரு அம்பு போடுங்கள். கல்லீரல் செல்லில் உட்கரு, மைட்டோகாண்டிரியா எல்லாம் இருக்கின்றன, நேற்று விட்ட கோடுகளை அங்கே போட்டுக்கொள்ளலாம்.