கப்பில் கோடே இல்லை, அப்புறம் எப்படித் தண்ணீர்?

கேட்டவர்: மார்த்தாண்டம் பையன்
அண்ணன்மாரே, பைலட் பயிற்சியில் இருக்கிறேன், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். போன வாரம் நடந்தது மண்டையைக் குடைகிறது. ராத்திரி முழுக்க மழை. காலையில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்துக்கு ப்ரீஃப்ளைட், அதாவது பறக்கும் முன் சோதனை, பார்த்தேன். இடது இறக்கைக்கு அடியில் கப்பை வைத்து, பெட்ரோல் டேங்கின் ட்ரெயின் (வடிகால்) வழியாகக் கொஞ்சம் எடுத்தால் கண்ணாடி மாதிரி தெளிவு. அடியில் குமிழும் இல்லை, கோடும் இல்லை. "தண்ணீர் இல்லை சார்" என்றேன். பயிற்சி கொடுக்கும் சார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். "இதில் பெட்ரோல் எங்கே?" என்றார். அன்றைக்குப் பறக்க விடவில்லை. காரணத்தை நீயே கண்டுபிடி என்று போய்விட்டார். தண்ணீர் இருந்தால் அதற்கும் பெட்ரோலுக்கும் நடுவில் கோடு தெரியும் என்றுதானே படித்தோம்?

பதில்: பழைய ஹேங்கர் ஆள், நாகர்கோவில்
தம்பி, கோடு தெரிய இரண்டு திரவம் வேண்டுமே. உன் கப் முழுக்கத் தண்ணீர்தான். அவ்காஸ், அதாவது விமானப் பெட்ரோல், லிட்டருக்குச் சுமார் 720 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் டேங்கின் அடியில் போய் உட்காரும். ட்ரெயின் இருப்பதும் அங்கேதான்.

100எல்எல் வகை அவ்காஸ் நீல நிறம், ஆனால் மிக வெளிர் நீலம். கப்பை வானத்துக்கு நேரே பிடித்தால் தண்ணீரும் நீலமாகத் தெரியும். வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடி, முகர்ந்து பார். சந்தேகமா? இரண்டு சொட்டு நல்ல தண்ணீர் விடு. பெட்ரோல் என்றால் அது உருண்டு அடியில் நிற்கும், தண்ணீர் என்றால் காணாமல் போகும். நிறமே இல்லாமல் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் ஜெட் எரிபொருள் கலந்திருக்கலாம். அது இதைவிட மோசம்.

பதில்: குளச்சல் வள்ளக்காரன்
மக்களே, எனக்கு விமானம் தெரியாது. வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது கேனின் அடியில் ஒரு விரல்கடை விட்டுவிடுவோம், அவ்வளவுதான். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் எங்களுக்குத் துடுப்பு இருக்கு. உங்களுக்கு?

மார்த்தாண்டம் பையன்
துடுப்பா! சரி, தண்ணீர் உள்ளே எப்படி வந்தது? டேங்க் பாதிதான் இருந்தது.

பழைய ஹேங்கர் ஆள்
பாதி டேங்கில் ஈரக்காற்று இருக்கும், ராத்திரி குளிர்ந்தால் சுவரில் வேர்க்கும். ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு கப் தண்ணீர் அப்படி வராது. எனக்கு இறக்கை மேல் இருக்கும் டேங்க் மூடி மேல்தான் சந்தேகம். அதன் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்தால் மழை நேராக உள்ளே இறங்கும். மெக்கானிக்கிடம் காட்டச் சொல். இறக்கையை மெதுவாக ஆட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, எல்லா ட்ரெயினிலும் திரும்ப எடுக்க வேண்டும். விமானத்தின் மூக்குக்கு அடியில் இருக்கும் ட்ரெயினை மறக்காதே.

எஞ்சின் ஆயிலுக்கும் இந்தத் தண்ணீர்தான் எதிரி. எஞ்சினைச் சும்மா பத்து நிமிடம் ஓட்டி அணைத்தால் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் மாதிரி படிந்திருந்தால் சொல்லிவிடு.

அப்புறம், நீ கையில் ஊற்றிப் பார்க்காதே. அவ்காஸில் ஈயம் இருக்கு.

மார்த்தாண்டம் பையன்
இப்போதுதான் பிடிபடுகிறது அண்ணாச்சி. பெட்ரோலாக இருந்திருந்தால் சில்லென்று காய்ந்திருக்கும். நான் கையைப் பேன்டில் துடைத்தேன்.