பாம் கருவியில் இருந்த எழுத்து வேகம் டேப்லெட்டில் ஏன் இல்லை?

கரிசல்காடு கேட்டது:
தொண்ணூறுகளின் இறுதியில் பாம் III வாங்கிய நாளிலிருந்து கையடக்கக் கணினி ஏதேனும் ஒன்று என் சட்டைப்பையில் இருந்துகொண்டே வந்திருக்கிறது. ஹேண்ட்ஸ்பிரிங் வைசர், ட்ரியோ என்று மாறி, 2010இல் ஐபேட் வெளிவந்த பிறகு டேப்லெட்டுக்கு வந்து சேர்ந்தேன். திரையின் தெளிவிலும் ஆற்றலிலும் பழையவற்றை இன்றைய கருவிகளுக்கு அருகில்கூட வைக்க முடியாது. ஆனாலும், ஒருவர் சொல்லச் சொல்ல முகவரியைக் குறித்துக்கொள்ளும்போது, பொத்தானை அழுத்தியதும் விழித்து, எளிமையாக்கிய கையெழுத்து முறையான கிராஃபிட்டியில் எழுதியதைத் தயங்காமல் ஏற்றுக்கொண்ட பாமின் கச்சிதம் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. இத்தனை ஆற்றல் இருந்தும் டேப்லெட் என் கையெழுத்தில் தடுமாறுவது ஏன்?

ஆழிமகன்:
இரண்டும் செய்யும் வேலை வேறு. கிராஃபிட்டியில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரே கோடு. எழுதுகோலைத் தூக்கினால் எழுத்து முடிந்தது. ஏ என்ற ஆங்கில எழுத்துக்குக் குறுக்குக்கோடு கிடையாது. எழுத்துக்கு இடப்பக்கம், எண்ணுக்கு வலப்பக்கம் என்று இடமும் பிரிந்திருந்ததால், சுழியமா ஓ எழுத்தா என்ற குழப்பமே எழவில்லை. 1996இல் வந்த, பாமின் முதல் கருவியான பைலட்டின் 16 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது போதுமானதாக இருந்தது. 1993இல் ஆப்பிள் வெளியிட்ட நியூட்டன் என்ற கையடக்கக் கணினியோ அவரவர் இயல்பான கையெழுத்தை அகராதியின் துணையோடு படிக்க முயன்று, கேலிச்சித்திரக்காரர்களுக்குத் தீனியானது. 1996இல் வந்த அதன் இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பு நன்றாகவே படித்தது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது, 1998இல் ஆப்பிள் அதைக் கைவிட்டது. உங்கள் டேப்லெட் நியூட்டனின் வழியில் வந்தது.

தாழைமடல்:
பாமைக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்கிறீர்கள். அங்கே கற்றுக்கொண்டது கருவியன்று, உங்கள் கைதான். யூனிஸ்ட்ரோக்ஸ் என்ற தன் ஒற்றைக்கோட்டு எழுத்துமுறையின் காப்புரிமை குறித்து ஜெராக்ஸ் 1997இல் தொடுத்த வழக்கின் விளைவாக, 2003இல் கிராஃபிட்டி 2 வந்து சில எழுத்துகளுக்கு இரண்டு கோடுகள் தேவைப்பட்டபோது, பழகிய கைகள் எவ்வளவு முணுமுணுத்தன என்பதை நினைத்துப் பாருங்கள். உடனே விழித்ததற்கும் ஒரு விலை இருந்தது: நிரல்களும் தரவுகளும் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தாங்கும் நினைவகத்திலேயே தங்கியிருந்ததால், பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் குறிப்புகள் அத்தனையும் அழிந்துவிடும். தமிழில் குறிப்பெடுக்கவோ கிராஃபிட்டியில் வழியே இல்லை. ‘கொ’ என்று எழுதினால் கொம்பும் ககரமும் காலும் சேர்ந்து ஓர் எழுத்து என்று புரிந்துகொள்ள, நீங்கள் குறைகூறும் அந்தத் தடுமாறும் முறைதான் தேவைப்படுகிறது.

ஆழிமகன்:
அவர் சொல்வது சரிதான். ஒரு வழி சொல்கிறேன்: ஆப்பிள் பென்சில் என்ற எழுதுகோலை ஏற்கும் ஐபேட் என்றால், பூட்டிய திரையை அதனால் தட்டினாலே குறிப்பேடு திறக்கும்படி அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். முகவரியை எழுதும்போதே அச்செழுத்தாக மாற்ற முயலாமல், கையெழுத்தாகவே விட்டுவிட்டு, ஓய்வாக இருக்கும்போது தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.