பரிவர்த்தனை நடுவழியில் நின்றுபோன அனுபவம் யாருக்கேனும் உண்டா?

நள்ளிரவுப்பயணி:

பிட்காயினின் நான்காவது ஹால்விங் (புதிய நாணய வெகுமதி பாதியாகும் நிகழ்வு) நடந்த 2024 ஏப்ரல் 20 அன்று, 840000 ஆவது பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) வருவதற்குச் சற்று முன்னர், வழக்கமான கட்டணத்தை வைத்து ஒரு நண்பருக்குத் தொகை அனுப்பினேன். பத்து நிமிடங்களுக்கு ஒரு பிளாக், ஆறு உறுதிப்பாடுகளுக்கு (பரிவர்த்தனை ஏறிய பிளாக்கும் அதன்மேல் வரும் ஐந்தும்) ஒரு மணி நேரம் என்பது நான் வைத்திருந்த கணக்கு. அதே பிளாக்கில் ரூன்ஸ் என்னும் டோக்கன் முறையும் தொடங்கவிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. இடம்பிடிக்க முண்டியடித்தவர்கள் அந்த ஒரே பிளாக்குக்கு 37 பிட்காயினுக்கு மேல் கட்டணமாகக் கொட்டினார்கள். பிளாக்கை உருவாக்கும் மைனருக்குக் கிடைத்த புதிய வெகுமதியோ 3.125 பிட்காயின்தான். பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் வரிசையான மெம்பூலைக் காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், அதிகக் கட்டணம் தருபவர்கள் முன்னால் நுழைய, என் பரிவர்த்தனை பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வரிசையில் நிற்பவன் நின்ற இடத்திலிருந்தே பின்னால் தள்ளப்படுவதை அன்றுதான் கண்டேன். அன்றைய சராசரிக் கட்டணம் 100 டாலரைக் கடந்தது. நான் அனுப்பிய தொகையே அதைவிடச் சற்றுத்தான் அதிகம்.

கேஸ்கணக்கன்:

மேலே எழுதியவர் பிட்காயினைக் குறைகூறவில்லை. ஆனாலும் வாசிப்பவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தை உயர்த்தி மீண்டும் அனுப்பும் வசதியை அவர் தம் வாலட் செயலியில் முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும், பெறவிருந்த நண்பர் அந்த உறுதிப்படாத தொகையை உயர்ந்த கட்டணத்துடன் தமக்கே அனுப்பிக்கொண்டிருந்தால், பின்னதை விரும்பும் மைனர் முன்னதையும் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

என் கதை எத்தேரியம் என்ற இன்னொரு வலைப்பின்னலில் நடந்தது. கேஸ் (கணிப்பு வேலையை அளக்கும் அலகு) வரம்பைக் குறைத்தால் செலவு மிச்சமாகும் என்று நானாகவே எண்ணிக்கொண்டு, வாலட் பரிந்துரைத்த எண்ணைக் குறைத்துவிட்டேன். எத்தேரியத்தின் நாணயமான ஈத்தரை ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப 21,000 கேஸ் போதும். எத்தேரியத்தில் இயங்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட் ஒன்றை இயக்குவதற்கு அது எந்த மூலைக்கு? பாதியில் கேஸ் தீர்ந்து பரிவர்த்தனை தோற்றது, கட்டணம் மட்டும் கழிந்தது. செய்யப்பட்ட கணிப்பு வேலைக்கு அது கூலி என்பது நியாயமே. ஆயினும் ‘தோல்வி’ என்ற சிவப்பு எழுத்தும் அதற்குக் கீழே கழிந்த தொகையும் ஒரே திரையில் நின்ற காட்சி இன்றும் உறுத்துகிறது. 2024 மார்ச்சில் வந்த டென்குன் மேம்படுத்தலுக்குப் பிறகு எத்தேரியத்தின் மேல் இயங்கும் துணை வலைப்பின்னல்களான ரோலப்புகளில் கட்டணம் மிகவும் குறைந்துவிட்டதால் இப்போது அங்கேதான் இருக்கிறேன். ஆனால் பரிவர்த்தனைகளைச் சரியென்று முதலில் ஏற்று, மறுப்புக்கு அவகாசம் விடும் ஆப்டிமிஸ்டிக் ரோலப்பிலிருந்து நேர்வழியில் எத்தேரியத்துக்குத் திரும்ப ஏழு நாள் காத்திருக்க வேண்டும். உள்ளே போவதில் இருக்கும் விரைவு வெளியே வருவதில் இல்லை.

நோடுகாவலர்:

அரை நொடிக்குள் பிளாக் தரும் ஒரு வலைப்பின்னலில் நான் பிளாக்குகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் நடத்தினேன், பெயர் வேண்டாம். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் சர்வரின் செலவே, வீட்டுக் கணினியில் நோடு (வலைப்பின்னலின் ஒரு கண்ணி) நடத்தும் பழக்கமுள்ளவர்களை அங்கிருந்து விலக்கிவிடுகிறது. ஒருநாள் புதிய பிளாக்குகள் வரவில்லை. என் சர்வரில்தான் கோளாறு என்று எண்ணி இருமுறை அதை அணைத்து இயக்கிய பிறகே உரையாடல் குழுவைத் திறந்தேன். எல்லோரும் ஏற்கெனவே அங்கே கூடியிருந்தார்கள். எந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவது என்று பேசி முடிவெடுத்து, வேலிடேட்டர்கள் பிணையாக வைத்த ஸ்டேக்கில் 80 சதவீதம் திரும்பி வரும்வரை ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தோம். யாருடைய ஒப்புதலும் தேவைப்படாத பணம் என்று நான் பலரிடம் விளக்கியிருக்கிறேன். அன்று அந்த அறையில் நானும் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பழையபக்கம்:

நோடுகாவலரின் வருத்தம் புரிகிறது. எனினும், கூடிப் பேசி முடிவெடுப்பது வேகமான வலைப்பின்னல்களுக்கே உரிய குறை என்று அதிலிருந்து யாரேனும் முடிவுகட்டினால் நான் ஏற்கமாட்டேன். 2013 மார்ச் 11 அன்று, பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்ற ஒரு பிளாக்கைப் பழைய பதிப்புகள் மறுத்ததால் சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. மைனர்களின் கூட்டமைப்புகளான மைனிங் பூல்களை நடத்தியவர்கள் உரையாடல் அறையில் பேசி, நீளமாக வளர்ந்திருந்த கிளையைக் கைவிட்டுப் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். தி டிஏஓ என்ற கூட்டு முதலீட்டு நிதியிலிருந்து எடுக்கப்பட்ட ஈத்தரை மீட்பதற்காக 2016 ஜூலை 20 அன்று எத்தேரியமே கிளை பிரிந்தது. உடன்படாதவர்கள் பழைய கிளையான எத்தேரியம் கிளாசிக்கில் தங்கிவிட்டார்கள். ஆகவே, எத்தனை நோடுகள் என்று எண்ணுவதைவிட, நெருக்கடியில் எத்தனை பேர் பேசினால் காரியம் முடிந்துவிடுகிறது என்று எண்ணுவதே பரவலாக்கத்துக்குச் சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

சொந்த அனுபவம் என்றால், 2023 மே 12 ஐச் சொல்வேன். எத்தேரியத்தில் பிளாக்குகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் வழக்கமாக 13 நிமிடங்களில் கிடைக்கும் இறுதிப்படுத்தல் (பிளாக்கை இனி மாற்ற முடியாதென்ற உறுதி) ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கவில்லை. எனக்கு வரவேண்டிய தொகை வந்துவிட்டதாகத் திரை காட்டியது. வாங்கியவரோ வடிவமைப்புக் கோப்பை அனுப்பும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். வந்ததை வந்ததென்று சொல்லத் துணிவில்லாமல் அவருக்கு மழுப்பலான பதில்களை எழுதிக்கொண்டிருந்தேன். நோடுகளை இயக்கும் சில கிளையன்ட் மென்பொருள்கள் திணறியபோதும் மற்றவை தாங்கிக்கொண்டதால், அது தானாகவே சீரடைந்தது. அங்கே எந்த அறையிலும் யாரும் கூட வேண்டியிருக்கவில்லை.

சிறுதுளி:

என் கதை சிறியது. எத்தேரியத்தில் பெறவேண்டிய ஸ்டேபிள்காயினை (மதிப்பு நிலையாக இருக்கும்படி வடிவமைத்த நாணயம்), கட்டணம் குறைவு என்பதற்காக, அதே வடிவ முகவரி கொண்ட வேறொரு வலைப்பின்னலில் அனுப்பச் சொன்னேன். சில நொடிகளில் வெற்றி என்று காட்டியது. நான் கணக்கு வைத்திருந்த, கிரிப்டோ வாங்கி விற்கும் பரிமாற்றகம் அந்த வலைப்பின்னலை ஆதரிக்கவில்லை. முகவரி என்னுடையது, பணம் அந்த முகவரியில்தான் இருக்கிறது, என்னால் தொட முடியவில்லை.

புதியவர்களுக்காகச் சில சொற்கள். முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, அது சேர்ந்த பிறகே மீதியை அனுப்புங்கள். பெறுபவரிடம் முகவரியை மட்டும் கேட்காமல் வலைப்பின்னலின் பெயரையும் கேளுங்கள். டிரான் வலைப்பின்னலில் யுஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயினை வைத்திருப்பவர்கள் அந்த வலைப்பின்னலின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸும் சிறிது வைத்திருங்கள். இல்லையெனில், கையில் பணம் இருந்தும் அதை நகர்த்தும் கட்டணத்துக்கு வழியிருக்காது. பரிமாற்றகம் எத்தனை உறுதிப்பாடுகளைக் கேட்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். பிளாக் வரும் வேகத்தைவிட அந்த எண்ணிக்கைதான் பல வேளைகளில் உங்கள் காத்திருப்பை முடிவு செய்கிறது.

நள்ளிரவுப்பயணி:

கேஸ்கணக்கனுக்கு ஒரு பதில்: நீங்கள் சொன்ன வழியை என் நண்பரும் அறிவார். அன்றைய கட்டணத்தில் அதைச் செய்திருந்தால் பெறுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது என்பதால் அவர் செய்யவில்லை. நெரிசல் குறைந்து பரிவர்த்தனை பிளாக்கில் ஏறுவதற்குள், பொறுக்க முடியாமல் அதே தொகையை வேறு வழியில் அவருக்குச் செலுத்திவிட்டேன். இப்போது அவர் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணம் யாருடையது என்பதில்தான் இருவரும் இன்னும் உடன்படவில்லை.