மகாத்மாக்களை நம்பாவிட்டால் சபையை விட்டுப் போய்விட வேண்டுமா?

தென்னங்கீற்று:
ஆறேழு வருடமாகப் பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) புத்தகங்கள் படிக்கிறேன், ஞாயிறு தோறும் படிப்பு வட்டத்துக்கும் போகிறேன். கர்மா, மறுபிறவி எல்லாம் பாட்டி மடியிலேயே கேட்டதுதான், அதில் சிக்கல் இல்லை. ஆனால் சபையை மறைவிலிருந்து வழிநடத்துவதாகச் சொல்லப்படும் ஞானிகளான மகாத்மாக்கள் இமயத்துக்கு அப்பாலிருந்து கடிதம் அனுப்பினார்கள், அது அந்தரத்திலிருந்து விழுந்தது என்ற இடம் வந்தால் மனசு முரண்டு பிடிக்கிறது. போன வாரம் வாய்விட்டுக் கேட்டேன். ‘உங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை’ என்றார் ஒரு பெரியவர். நம்பாமலே உள்ளே உட்கார்ந்திருப்பது ஏமாற்று வேலையா?

பழைய உறுப்பினர்:
பக்குவம் என்று சொல்லி வாயை அடைப்பது எல்லா மடத்திலும் உண்டு, விடுங்கள். சேரும்போது சபை கேட்பது அதன் மூன்று நோக்கங்களுக்கு உடன்பாடு, அவ்வளவுதான். இனம், மதம், சாதி, ஆண் பெண் என்று பார்க்காத சகோதரத்துவம் முதலாவது, சமயங்களையும் தத்துவத்தையும் அறிவியலையும் ஒப்பிட்டுப் படிப்பது இரண்டாவது, மூன்றாவதுதான் மனிதனுக்குள் உறங்கும் ஆற்றல்கள் பற்றியது, அதிலும் ‘ஆராய்வது’ என்றுதான் இருக்கிறது, நம்புவது என்று இல்லை. சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவாட்ஸ்கி அம்மையார் உட்பட யாருடைய கருத்தையும் உறுப்பினர் மேல் திணிக்க முடியாது என்று 1924-இல் பொதுக்குழுவே தீர்மானம் போட்டிருக்கிறது. பெரியவரிடம் அதைக் காட்டுங்கள்.

சந்தேகசாமி:
தீர்மானம் எல்லாம் சரி, ஆனால் கடித விவகாரத்தை இப்படி நழுவ விடாதீர்கள். லண்டன் ஆவி ஆய்வுக் கழகம் அனுப்பிய ஹாட்ஜ்சன் சபைத் தலைமையகம் இருக்கும் அடையாறுக்கே வந்து விசாரித்து, 1885-இல் எல்லாம் மோசடி என்று அறிக்கை எழுதினார். நூறு வருடம் கழித்து 1986-இல் அதே கழகத்தின் இதழில் வெர்னான் ஹாரிசன், ஹாட்ஜ்சன் ஒருதலையாக எழுதிவிட்டார் என்று பிரித்து மேய்ந்தார். அதனால் கடிதம் வானத்திலிருந்து வந்ததாக ஆகிவிடாது, வழக்கு முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

ஊரூர்க்காரி:
தம்பி, நான் எந்தச் சபையிலும் இல்லை, பக்கத்து ஊர்க்காரி. சபையின் முதல் தலைவர் ஆல்காட் 1894-இல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஆரம்பித்தாரே, அந்த வழியில் வந்த பள்ளி இன்றைக்கும் பெசன்ட் நகரில் காசு வாங்காமல் நடக்கிறது. இதைச் செய்ய யார் கடிதமும் தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றும். இன்னொன்று, அடையாறு கடற்கரையில் 1909-இல் சபைப் பிரமுகர் லெட்பீட்டர் கண்டெடுத்த பையன் ஜே. கிருஷ்ணமூர்த்தி, உலக குரு என்று ஏற்றி வைத்த பீடத்தை 1929-இல் நெதர்லாந்தின் ஓமென் ஊர் முகாமில் தானே கலைத்தார். எனக்கு அதில்தான் ஆன்மிகம் தெரிகிறது. இதைச் சொன்னால் சபைக்காரர்களில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும், அது வேறு கதை.

பழைய உறுப்பினர்:
சுருங்கினது அந்தக் காலம் அக்கா. 1980-இல் ராதா பர்னியர் சபைத் தலைவரானதும் கிருஷ்ணமூர்த்தியே திரும்ப அடையாறு வளாகத்துக்குள் நடந்து வந்தாரே.

தென்னங்கீற்று:
எல்லோருக்கும் நன்றி. பெரியவர் மேல் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆளும் நல்லவர்தான், மழை நாளில் என்னை வீடுவரை கொண்டுவந்து விடுவார். இந்த ஞாயிறு 1924 தீர்மானத்தை அச்செடுத்துக்கொண்டு போகிறேன். சந்தேகசாமி சார், ஹாரிசன் கட்டுரை தமிழில் எங்காவது கிடைக்குமா?

சந்தேகசாமி:
நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் படித்துவிட்டு நீங்களே எழுதிப் போடுங்கள், சண்டை போட நான் இங்கேதான் இருப்பேன்.