010, 020 என்று போட்டிருந்தால் நிக்கல் இருக்குமா?

பழைய செவ்ரோலே ஸ்மால் பிளாக் (சிறிய வகை வி8 எஞ்சினின் இரும்பு உடல்) தேடித் திரிந்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். டைமிங் கவரைக் கழற்றினால் முன்பக்கம் 010, 020 என்று எண்கள் இருக்கும். 010 என்றால் இரும்பில் ஒரு சதவீதம் வெள்ளீயம், 020 என்றால் இரண்டு சதவீதம் நிக்கல், அதனால் தேயவே தேயாது என்பார்கள். எனக்கு விற்றவரும் அதையேதான் டார்ச் அடித்துக் காட்டினார். நான் பேரம்கூடப் பேசவில்லை.

பின்பக்க விளிம்பில் 3970010 என்று முழு எண் இருந்தது. 350 கன அங்குல பிளாக்தான், சரி. ஆனால் 1969இலிருந்து பத்து வருடம் போல இதே எண்ணில் வார்த்திருக்கிறார்கள். தேதி சி 14 9. சி மூன்றாவது எழுத்து, அதாவது மார்ச் 14, ஆனால் 1969ஆ 1979ஆ? வருடத்தில் கடைசி இலக்கத்தை மட்டும்தான் போடுவார்கள்.

ஆயில் சம்ப்பைக் கழற்றியதும் முதல் அடி: கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்தான். நான்கு இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டது. இந்த எண்ணில் இரண்டு வகையுமே உண்டு. சிலிண்டர் துளையின் விட்டத்தை அளந்தால் 4.060 அங்குலம். புதிதில் 4.000. ஏற்கெனவே கடைந்து தீர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஸானிக் டெஸ்ட், ஒலி அலையால் சிலிண்டர் சுவரின் தடிமனை அளப்பது. மெஷின் ஷாப்காரர் ப்ரோபில் ஜெல் தடவி, ஒவ்வொரு சிலிண்டரையும் நாலு பக்கமும் தொட்டு, அளவை மேலே சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார். ஏழாவதில் ஒரு பக்கம் 0.210 அங்குலம், எதிர்ப்பக்கம் 0.095. வார்க்கும்போது உள்ளே வெற்றிடம் விடுவதற்கு வைக்கும் மணல் கோர் நகர்ந்திருக்கிறது. கேம் தண்டு போகும் துளையைப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும், சுற்றியுள்ள வளையத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தது. அதே டார்ச் வெளிச்சத்தில்தான் அதுவும் இருந்தது. நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிக்கலைப் பற்றிக் கேட்டேன். "எண் அச்சில் இருக்கிறது. இரும்பு அப்புறம் ஊற்றுவது. அன்றைக்கு உலையில் என்ன போட்டார்கள் என்று அச்சுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

*

உங்களுக்கு செவ்ரோலேயில் விழுந்த அடி எனக்கு ஃபோர்டில் விழுந்தது. 289 பிளாக்கில் சி5ஏஇ என்று பார்த்ததும் 1965 எஞ்சின் என்று நம்பிவிட்டேன். சி என்றால் அறுபதுகள், 5 வருடம், ஏ பெரிய கார், இ எஞ்சின் பிரிவு. எல்லாம் சரிதான், ஆனால் அது அந்த பாகத்தை வடிவமைத்த வருடம். வார்த்த தேதி வேறிடத்தில் தனியாக இருந்தது: 6டி12. 1966 ஏப்ரல் 12. காரோ 1965. ஒரிஜினல் எஞ்சின் என்று சொல்லித்தான் விற்றார்கள்!

*

அந்த ஏழாவது சிலிண்டரை என்ன செய்தீர்கள்? உள்ளே உறை போல ஸ்லீவ் போட்டீர்களா?

*

ஆமாம், ஸ்லீவ்தான். ஐந்தாவதும் மெலிதுதான், அதை ஹோன் மட்டும் செய்து, அதாவது உட்சுவரை லேசாகத் தேய்த்து, ஓட்டுகிறேன். மேடு ஏறும்போது என் கண் டெம்பரேச்சர் முள்ளிலேயே இருக்கும்.