ஓட்டையைச் சொல்லப் போன இடத்தில் நடந்தது

இரவுவிளக்கு

ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. அதனால்தான் நம் செக்யூரிட்டி ஃபோரத்தில் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கல்லூரியில் ரெண்டாம் வருஷம். மார்க் பார்க்கிற தளத்துக்குள் போனால், முகவரியின் கடைசியில் நம் பதிவு எண் அப்படியே நிற்கும். இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றி என்டர் தட்டினேன். வேறொருவரின் பக்கம் திறந்தது. புகைப்படம், அப்பாவின் செல் நம்பர், சாதி, குடும்ப வருமானம், எல்லாம் இருந்தன.

மறுநாள் காலையில் லேபுக்குப் போய், பொறுப்பில் இருந்த சாரிடம் சொன்னேன். நம்பவில்லை. "எங்கே, காட்டு" என்றார். அவர் கணினியிலேயே என் லாகினில் நுழைந்து, ஒரு நம்பரைப் போட்டுக் காட்டினேன். பார்த்தார். அப்புறம் கையை நீட்டி மானிட்டரின் பட்டனை அழுத்தினார். லாக் அவுட் செய்யவில்லை, பக்கத்தை மூடவில்லை. திரையை மட்டும் அணைத்தார். அணைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்க அப்பா என்ன பண்றாரு?"

மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான்காம் வருஷம் முடித்து வெளியே வரும்போதும் எண்ணை மாற்றினால் அடுத்தவர் பக்கம் திறந்துகொண்டுதான் இருந்தது.

தேன்கூடு

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். எங்களுக்கு அனுமதி இருந்தது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமே இருந்தது.

ஃபிஷிங் சோதனை, அதாவது ஊழியர்கள் ஏமாந்து தட்டுகிறார்களா என்று பார்க்கப் பொய் மெயில் அனுப்புவது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, "போனஸ் பட்டியலில் உங்கள் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும்" என்று எல்லாருக்கும் மெயில் போனது. வாசகம் எழுதியது நான். அந்த வருஷம் போனஸ் வருமா வராதா என்று அங்கே ஒரே பேச்சு. எதைச் சொன்னால் யோசிக்காமல் தட்டுவார்கள் என்று தேடித்தானே எழுதுவோம், அதனால் அதையே எடுத்தேன்.

மறுநாள் அக்கவுன்ட்ஸில் இருந்து ஒரு அக்கா எங்கள் இடத்துக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த மெயிலை பிரின்ட் எடுத்து நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். "இது பொய்யாம்மா? பொண்ணுக்குக் கம்மல் எடுத்துத் தர்றேன்னு சொல்லிட்டேனே" என்றார். திட்டவில்லை, அழவில்லை. அந்தத் தாளைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு போனார். எங்கள் ரிப்போர்ட்டில் அவர் பெயர் இல்லை, எத்தனை சதவீதம் பேர் தட்டினார்கள் என்ற கணக்கில் ஒருவர், அவ்வளவுதான்.

2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் 650 டாலர் போனஸ் என்று இதே மாதிரி சோதனை மெயில் அனுப்பி, பிறகு ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டது. நாங்கள் கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் எழுதுகிற எதிலும் சம்பளம், போனஸ், ஆஸ்பத்திரி மூன்றும் வராது. கூரியர் வந்திருக்கிறது, பாஸ்வேர்டு காலாவதியாகிறது, இதோடு நிறுத்திக்கொள்வேன். தாக்க வருகிறவன் இரக்கம் பார்ப்பானா என்று எங்கள் டீமிலேயே கேட்கிறார்கள். பார்க்க மாட்டான்தான். ஆனால் மறுநாள் கேன்டீனில் அந்த அக்காவுக்குப் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கப் போவது அவன் இல்லையே.

விதி_43

தேன்கூடு எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. ஆனால் எனக்கு இரவுவிளக்கிடம் ஒரு கேள்வி இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான்காம் வருஷமும் திறந்தது என்கிறீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? திரும்பப் போய்ப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

முதல் தடவை கைதவறிக் கண்டது என்று சொல்லலாம். ரெண்டாம் தடவைக்கு அந்தப் பேச்சு எடுபடாது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழைவதையே தவறு என்கிறது. எண்ணம் நல்லதா கெட்டதா என்று அது பார்ப்பதில்லை, நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது. அதையே நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு: மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் எண்ணம் நேர்மையானதுதான் என்பதை நீங்கள் ஒரு இன்ஸ்பெக்டருக்கு உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும்.

என் கதை சின்னது. முதல் வேலையில், வாடிக்கையாளர் கொடுத்த ஐபி முகவரியில் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்து, யாரோ ஒருவரின் சர்வர் மேல் என்மேப் (எந்தெந்த போர்ட், அதாவது இணைப்பு வாசல், திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற கருவி) ஓடவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடியது. அந்தப் பக்கத்துக்காரர் அனுப்பிய புகார் மெயிலில் என் ஐபி, நேரம், தட்டின ஒவ்வொரு போர்ட், எல்லாம் வரிசையாக இருந்தது. அதைப் பார்த்தபோது கை ஜில்லிட்டது. இன்றைக்கும் என்டர் தட்டுவதற்கு முன் முகவரியை வாய்விட்டுப் படிக்கிறேன்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மாதிரி எண் மாற்றும் ஓட்டையைப் பார்க்க வேண்டும் என்றால் உங்களுடைய இரண்டு கணக்குகளை வைத்துப் பாருங்கள். ஒன்றில் நுழைந்து மற்றொன்றின் எண்ணைப் போடுங்கள். இன்னொரு மனிதரின் பக்கம் தேவையே இல்லை. அதுவும் சோதிக்க அனுமதி தந்திருக்கிற தளத்தில் மட்டும். தெரியாமல் திறந்துவிட்டதா, அந்த ஒன்றோடு நிறுத்துங்கள். ஒன்று முதல் ஆயிரம் வரை ஓடுகிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். அங்கேதான் ஆள் மாட்டுகிறான். எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில் பெயரையும் நம்பரையும் மறைத்துவிடுங்கள்.

சொல்வதற்கும் முறை இருக்கிறது. தளத்தில் செக்யூரிட்டி.டெக்ஸ்ட் என்ற கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாருக்கு எழுத வேண்டும் என்று அதில் இருக்கும். இல்லையென்றால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள். 2004ல் இருந்து இருக்கிறது, ஓட்டை பற்றித் தகவல் தந்தால் சம்பந்தப்பட்டவர்களிடம் அவர்களே பேசுவார்கள். மின்சாரம், வங்கி, போக்குவரத்து மாதிரி முக்கியக் கட்டமைப்பு என்றால் அதற்கென்றே இருக்கிற அரசு அமைப்பான என்சிஐஐபிசி. லேப் சாரிடம் வாயால் சொல்வது முறையே இல்லை. அவருக்கு அதைச் சரிசெய்கிற அதிகாரமும் கிடையாது, பயம் மட்டும்தான் வரும்.

கை பழகுவதற்கு டிவிடபிள்யூஏ, ஜூஸ் ஷாப், மெட்டாஸ்ப்ளாய்டபிள் என்று வேண்டுமென்றே ஓட்டை வைத்துச் செய்தவை எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன, உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். ஸ்கேன் பழக என்மேப் காரர்களே ஸ்கேன்மீ என்று ஒரு சர்வரைத் திறந்து விட்டிருக்கிறார்கள். பணமும் வேண்டும் என்றால், ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பணம் தருகிற பவுன்டி தளங்களுக்குப் போங்கள். எழுத்தில் அனுமதி இருந்தால் யாரும் உங்களைத் தொட முடியாது.

மில்ரோடு

கடைசி வரி தப்பு, விதி_43. அதை நம்பி ஒரு பையன் ராத்திரியில் எங்காவது போய் நின்றால் என்ன ஆகும்?

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இரண்டு பேர் ஒரு கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றக் கட்டடத்துக்குள் ராத்திரியில் நுழைந்து சோதனை செய்தார்கள். மாநில நீதித்துறை கொடுத்த வேலை. கையில் கடிதம் இருந்தது. ஆனால் கட்டடம் கவுன்ட்டியுடையது, அதைத் திறந்து பார்க்கச் சொல்ல மாநிலத்துக்கு என்ன உரிமை என்று கவுன்ட்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் கேட்டார். இரண்டு பேரும் கைது. வழக்கு கைவிடப்பட்டது 2020 ஜனவரியில்தான்.

என்னுடையது திருப்பூர் பக்கம் ஒரு நூல் மில். ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஷிப்ட் மாறுகிற கூட்டத்தோடு உள்ளே போய்விட முடிகிறதா என்று பார்க்கிற வேலை. சர்வர் ரூம் இருக்கிற கட்டடத்தின் வாசல் வரை போய்விட்டேன். அங்கே வாட்ச்மேன் பிடித்தார். அறுபதைத் தாண்டியவர். கடிதத்தை நீட்டினேன். "எனக்கு இங்கிலீசு தெரியாது கண்ணு" என்று சொல்லி, என் வண்டிச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை டியூப் லைட்டுக்குக் கீழே போட்டு உட்கார வைத்தார். மேனேஜர் போன் சுவிட்ச் ஆஃப். விடிய விடிய ஐந்தரை மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணிக்குத் தன் ஃபிளாஸ்க்கில் இருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். "நீ நல்ல பையனாவே இருக்கலாம் சாமி. எனக்குத் தெரியாதில்ல?"

ரிப்போர்ட்டில் அவரைப் பற்றி நல்லபடியாக எழுதினேன். ஆனால் முதல் பக்கச் சுருக்கத்தில், "மெயின் கேட்டைத் தாண்டி சர்வர் கட்டடம் வரை தடையின்றிச் செல்ல முடிந்தது" என்ற வரியும் என்னுடையதுதான். மூன்று மாதம் கழித்து மறுசோதனைக்குப் போனபோது கேட்டில் கார்டு தேய்க்கிற மெஷின் இருந்தது. அவர் இல்லை. எங்கே என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் வேலை போனது என் வரியாலா, வேறு காரணமா என்று இன்றுவரை தெரியாது. முதல் பக்கத்துக்கு அப்பால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது தெரிந்திருந்தும், அவர் என்னைப் பிடித்ததை ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

கோடு404

பவுன்டிக்குப் போங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் ராத்திரி தூங்காமல் ஒரு ஓட்டையைத் துரத்தி, பதினொரு பக்கம் எழுதி, வீடியோ எடுத்து அனுப்பினேன். பதில் வந்தபோது நான் அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு போனைப் பார்த்தேன். "டூப்ளிகேட்." எனக்கு நான்கு நாள் முன்பு வேறு யாரோ சொல்லிவிட்டார்களாம்.

எல்லாரும் சென்னையைச் சேர்ந்த லக்‌ஷ்மண் முத்தையாவையே காட்டுகிறார்கள். 2019ல் இன்ஸ்டாகிராமில் ஓட்டை கண்டுபிடித்ததற்காக 30,000 டாலர் வாங்கியவர். அந்தத் தொகைதான் எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன செய்தார் என்று படியுங்கள். பாஸ்வேர்டை மாற்ற வருகிற ஆறு இலக்க எண்ணுக்குப் பத்து லட்சம் வாய்ப்பு, ஆயுள் பத்து நிமிடம். ஒரே இடத்தில் இருந்து அடித்தால் தடுத்துவிடுகிறது. ஆயிரம் ஐபியில் இருந்து ஒரே நேரத்தில் அடித்தால் தடுக்குமா என்று கேட்டு, 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் திறமை. என் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு கேள்வி இல்லை, வேறொருவரும் நான்கு நாளில் அதே இடத்துக்கு வந்துவிட்டார்.

முதல்_லேப்

நான் இன்னும் படிக்கிற ஆள்தான். பாண்டிட் என்ற பயிற்சி விளையாட்டில் 20 லெவல் தாண்டியிருக்கிறேன், போர்ட்ஸ்விகர் தளத்தின் பயிற்சி லேப் தினம் ஒன்று. யாருக்கும் எதையும் ரிப்போர்ட் செய்ததில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, உள் அறையில் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் லேப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் அப்பாவுக்கு வாட்ஸப் வந்தது. கரன்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி ஃபியூஸ் பிடுங்குவோம், இந்த ஆப்பைப் போட்டுக் கட்டுங்கள் என்று. போட்டுவிட்டார். ஓடிபி வருவதும் அது தானாக வெளியே போவதும் அவருக்குத் தெரியவில்லை. 38,000 ரூபாய். பத்தடி தூரத்தில் நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கதவைத் திறந்து போனை நீட்டினார். "நீ இதத்தானடா படிக்கிற?" என்றார். குத்திக் காட்டவில்லை. நான் ஏதாவது செய்து பணத்தைத் திரும்ப எடுத்துவிடுவேன் என்று நிஜமாகவே நம்பிக் கேட்டார்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்தேன். 11,000 மட்டும் அந்தப் பக்கத்துக் கணக்கில் நிறுத்தி வைக்க முடிந்தது. அந்த ஆப்பின் ஏபிகே கோப்பைப் பிறகு பிரித்துப் பார்த்தேன். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிற வரி மேலேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

விதி_43

முதல்_லேப், அப்பா போனை ரீசெட் செய்துவிட்டீர்களா? ஆப்பை அழித்தால் மட்டும் போதாது. யூபிஐ பின், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு இரண்டையும் வேறு போனில் இருந்து மாற்றுங்கள். மில்ரோடு, அந்த வரியைத் தப்பாகத்தான் எழுதினேன், எடுத்துக்கொள்கிறேன்.

இரவுவிளக்கு

விதி_43 கேட்டதற்கு மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். சரி, சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு செமஸ்டரும். வேறொருவர் என்று எழுதியிருந்தேனே, அது யாரோ இல்லை. என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவன் நம்பர் தெரிந்தேதான் தட்டினேன். நான்கு அரியர் இருந்தது. எங்களிடம் எல்லாவற்றையும் முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தான். சாரிடம் காட்டும்போது அவன் நம்பரைப் போடாமல் வேறு எண்ணைப் போட்டேன், அவர் பார்த்துவிடக் கூடாது என்று. அடுத்த செமஸ்டர் ஏழு ஆனது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் டீ குடிக்கும்போது, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ரிசல்ட் என்னடா என்று கேட்டேன். "எல்லாம் க்ளியர்டா" என்றான். "சூப்பர்டா" என்று தோளில் தட்டினேன்.

மூன்றாம் வருஷம் பாதியில் வருவதை நிறுத்திவிட்டான். போன் எடுக்கவில்லை. நான்காம் வருஷம் நான் திறந்ததும் அவன் பக்கம்தான். புகைப்படம் அப்படியே இருந்தது. மார்க் வர வேண்டிய கட்டங்களில் சின்னச் சின்னக் கோடுகள்.