புதுப்பிப்பு: அம்பாசிடரின் உட்புறப் படங்கள் எடுத்தாகிவிட்டது

குன்னூரில் சித்தப்பாவின் அம்பாசிடர் காரை விற்பனைக்காகப் படமெடுத்தால் ஜன்னல் வெளுக்கிறது, டாஷ்போர்டு இருண்டுபோகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். இரண்டு ஃபிளாஷ் வாங்கச் சொன்னீர்கள். வாங்கவில்லை, மூடுபனி இறங்கும்வரை காத்திருந்தேன். பனி வெயிலைச் சிதறடித்து நாலாபக்கமும் பரப்பிவிடுவதால், உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வெளிச்ச வித்தியாசம் பெரிதும் குறைந்துவிட்டது.

மிச்சத்துக்கு, முன்கண்ணாடிமேல் வெள்ளை வேட்டியை விரித்து, கையிலிருந்த ஒரே ஃபிளாஷை வெளியிலிருந்து அதன் வழியாக அடித்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே அப்பிக்கிடந்த கறுப்பு கரைந்து, பெடல் ரப்பரின் வரிகள்கூடத் தெரிகின்றன. (வேட்டி நனைந்ததற்குச் சித்தியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.)

உள்விளக்கை அணைத்துவிடுங்கள். அதன் மஞ்சள் வெளிச்சம் ஃபிளாஷின் வெள்ளையோடு கலந்தால், சீட் உறையின் நிறத்தைச் சரிசெய்வது பெரும் தலைவலி. டிரைபாட், ஐஎஸ்ஓ 100 (குறைந்த ஒளியுணர்திறன்), எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு) எல்லாம் வழக்கம்போலத்தான்.

போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும் ஒளி வடிகட்டி) பற்றிக் கேட்டவருக்கு: பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவற்றின் பளபளப்பை நன்றாகக் குறைக்கிறது. குரோம் வளையத்திடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. உலோகப் பிரதிபலிப்பு அதற்குக் கட்டுப்படாது. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தையும் தின்றுவிடும்.

பின்சீட்டிலிருந்து எடுப்பவர்கள் ஒரு ஜன்னலை விரலளவு இறக்கிவையுங்கள். இந்தக் குளிரில் நம் மூச்சுக்காற்றே கண்ணாடியை மங்கலாக்கிவிடுகிறது.